தீண்டாதே என்று சொல்வது யார்?

சினிமாப் பாட்டை விட்டுவிட்டால், 'தீண்டு' என்ற சொல் இன்று நம் பேச்சில் இரண்டே இடங்களில்தான் உயிரோடு இருக்கிறது. பாம்பு கடித்தால் 'பாம்பு தீண்டிவிட்டது' என்கிறோம். மற்றொன்று தீண்டாமை. மற்றபடி கையைத் தொடுகிறோம், காலைத் தொட்டுக் கும்பிடுகிறோம், குழந்தையின் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சுகிறோம். யாரும் யாரையும் தீண்டுவதில்லை.

வள்ளுவர் காலத்தில் இந்தச் சொல்லுக்கு இந்தக் கதி இல்லை. பிள்ளைகளின் மேனி நம்மீது படுவதே உடம்புக்கு இன்பம் என்று மக்கட்பேறு அதிகாரத்தில் சொல்லும்போது அவர் எடுத்தாளும் சொல் தீண்டல்தான். காதலி தழுவுந்தோறும் உயிர் தளிர்ப்பதாக ஒரு காதலன் காமத்துப்பாலில் நெகிழ்கிறான். அங்கேயும் இதே சொல்.

அதே சொல் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வேறு வேலை பார்க்கிறது. கோயிலுக்கு ராஜராஜன் விட்ட ஊர்களில் வரி நீக்கிய நிலங்களைப் பட்டியல் போடும்போது குளம், சுடுகாடு, பறைச்சேரி என்ற வரிசையில் தீண்டாச்சேரியும் வருகிறது. கோபமோ வெறுப்போ அந்த வரியில் இல்லை. ஊர்க்கணக்கில் ஓர் இடத்தின் பெயர், அவ்வளவுதான். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அது அத்தனை சாதாரணமாகிவிட்டது என்பதுதான் என்னை நடுங்க வைக்கிறது. தீட்டு என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான் என்பார்கள். மலையாளத்திலோ தீண்டல் என்றாலே தீட்டு; விலகி நிற்க வேண்டியிருந்த தூரத்துக்குத் தீண்டாப்பாடு என்று தனிப் பெயரே உண்டு.

ஆனால் தீண்டாதே என்று சொன்ன எல்லோரும் கொடியவர்கள் அல்லர். பெரியபுராணத்தில் ஒரு குயவர் வீடு. பரத்தையிடம் போய்வந்த திருநீலகண்டரிடம் மனைவி, எம்மைத் தீண்டக் கூடாது என்று இறைவன் பேரில் ஆணையிட்டுவிடுகிறாள். என்னை என்று சொல்லாமல் எம்மை என்று அவள் பன்மையில் சொன்னதால், பெண் குலத்தையே இனி மனத்தாலும் தீண்டுவதில்லை என்று உறுதி கொள்கிறார் அவர். ஒரே கூரையின் கீழ் இருவரும் அப்படியே முதுமை எய்துகிறார்கள். சிவயோகியாக வந்த இறைவன், மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் முழுகிச் சத்தியம் செய் என்று கேட்கும்போதுகூட, ஒரு மூங்கில் தண்டின் இரு முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டுதான் முழுகுகிறார்கள். சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயில் இன்றும் அந்தக் கதையைச் சொல்லி நிற்கிறது. ஒரு பெண்ணின் மறுப்புக்கு இவ்வளவு மரியாதை செய்த கதை வேறொன்று எனக்குத் தெரியாது.

'தீண்டாதே' நல்ல சொல்லா கெட்ட சொல்லா என்ற கேள்வியே எனக்குப் பொருந்தவில்லை. யார் சொல்கிறார்கள், யார் உடம்பைப் பற்றிச் சொல்கிறார்கள் என்றுதான் கேட்க வேண்டும். குயவர் மனைவி தன் உடம்பைப் பற்றிப் பேசினாள். தீண்டாச்சேரி என்று எழுதியவர்கள் அடுத்தவர் உடம்பைப் பற்றித் தீர்ப்பு எழுதினார்கள்.

எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். குப்பை வண்டியோடு வரும் அம்மா வெற்றிலை வாங்கினால், மீதிச் சில்லறை மிட்டாய் ஜாடியின் மூடிமேல் வைக்கப்படும். ஒவ்வொரு காசாக அவர் அதை நகத்தால் நிமிண்டி எடுப்பார். அடுத்து நான் ரூபாயை நீட்டினால், மீதியை என் உள்ளங்கையில் அழுத்தி வைத்து, "போய்ட்டு வாங்க சார்" என்பார் கடைக்காரர். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது; 1955இல் வந்த சட்டம் அதற்குத் தண்டனை விதித்தது. ஜாடி மூடிமேல் கிடக்கும் சில்லறைக்கு யார் போய் வழக்குத் தொடுப்பது?

"யாரைத் தொடுவது, யாரோடு பழகுவது என்பது என் சொந்த விருப்பம், அதற்கு எனக்கு உரிமை இல்லையா?" என்று சிலர் இப்போது கேட்கிறார்கள். தொட வருபவரைத் தடுக்க யாருக்கும் காரணம் வேண்டியதில்லை. பிடிக்கவில்லை என்பதே போதும். ஆனால் பிடிக்காமல் போனது எப்போது என்று அவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும். குயவர் மனைவியின் மறுப்பு, கணவன் செய்த ஒரு செயலிலிருந்து பிறந்தது. சாதியின் மறுப்போ, எதிரே நிற்பவர் பிறப்பதற்கு முன்பே பிறந்துவிடுகிறது. ஒரு மனிதரின் முகம் பார்க்கும் முன்பே முடிவாகிவிட்ட விலகலுக்குச் சொந்த விருப்பம் என்று பெயர் சூட்ட முடியாது. அது தாத்தாவிடமிருந்து வாங்கிக்கொண்ட விருப்பம்.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தீண்டாமையைப் பாவம் என்றும் குற்றம் என்றும் குழந்தைகளுக்குச் சொல்கின்றன. உன் விருப்பமில்லாமல் யாராவது உன்னைத் தொட்டால் வேண்டாம் என்று சொல் என்றும் இப்போது பள்ளியில் சொல்லித்தருகிறார்கள். இரண்டும் வேண்டிய பாடங்கள்தாம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் குழந்தைக்கு முழுதாக விளங்கும்: உன்னைத் தொட வேண்டாம் என்று சொல்ல உனக்கு எப்போதும் உரிமை உண்டு, இன்னொருவரைத் தொடத் தகாதவர் என்று சொல்ல உனக்கு ஒருபோதும் உரிமை இல்லை.