மந்தையைக் காப்பவரைக் காத்தல்: போதக ஊழியத்தின் வரிசை குறித்து

எபேசு சபையின் மூப்பர்களை மிலேத்து பட்டணத்துக்கு வரவழைத்து, இனி அவர்களைக் காணப்போவதில்லை என்ற மனநிலையில் பவுல் விடைபெற்றபோது கூறிய அறிவுரை, அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஆம் அதிகாரத்தில் இடம்பெற்றுள்ளது. அதில் அவர் மூப்பர்களை முதலில் தங்களைக் குறித்தும், அடுத்ததாகவே மந்தை முழுவதையும் குறித்தும் எச்சரிக்கையாயிருக்கும்படி கேட்டுக்கொள்கிறார். இந்த வரிசையை இன்றைய போதகர்களில் பலர் தலைகீழாக்கி வாழ்கிறார்கள். அதுவும் சோம்பலினால் அல்ல, அன்பினாலேயே அப்படிச் செய்கிறார்கள். சபைக்காகத் தம்மை முழுவதும் செலவழிப்பதே தியாகம் என்று நம்பி, தமது ஜெபத்தையும் உறக்கத்தையும் குடும்பத்தையும் கடைசி இடத்துக்குத் தள்ளும் அவர்கள், சில ஆண்டுகளில் கொடுப்பதற்கு ஒன்றுமில்லாதவர்களாக நிற்க நேர்கிறது.

இந்த ஆபத்தைத் திருச்சபை வெகு காலத்துக்கு முன்பே அறிந்திருந்தது. 590-இல் ரோமாபுரியின் ஆயராகப் பொறுப்பேற்ற பெரிய கிரகோரியார், அப்பொறுப்பிலிருந்து தப்பியோட முயன்றதற்கான காரணத்தை விளக்கும் முகமாக எழுதிய மேய்ப்புப்பணி நூல் நான்கு பகுதிகளைக் கொண்டது. அவற்றுள் மிக நீண்டதாகிய மூன்றாம் பகுதி, ஏழைக்கும் செல்வந்தருக்கும், துயருற்றவருக்கும் மகிழ்ந்திருப்பவருக்கும் ஒரே விதமாகப் புத்தி சொல்லலாகாது என்பதை வகை வகையாக எடுத்துக்காட்டுகிறது. நான்காம் பகுதியோ மிகச் சிறியது. பிறருக்கெல்லாம் போதித்து முடித்தவர் தம்மிடமே திரும்பி, தமது பலவீனத்தை நினைவுகூர வேண்டும் என்பதே அதன் பொருள். நூலின் பெரும்பகுதியை மந்தைக்கு ஒதுக்கியவர் இறுதிச் சொல்லை மேய்ப்பனுக்கென்று வைத்தது, அனுபவத்திலிருந்து பிறந்த ஞானமாகவே தோன்றுகிறது.

சோர்வைப் பாவமாகக் கருதித் தம்மையே குற்றப்படுத்திக்கொள்ளும் போதகருக்கு, 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைக் காட்டிலும் ஆறுதலான பகுதி வேதாகமத்தில் வேறு இருக்குமா என்பது ஐயமே. கர்மேல் மலையில் பெரும் வெற்றி கண்ட எலியா, அடுத்து வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் சாவை வேண்டிப் படுத்துக்கொள்கிறார். அங்கே வந்த தூதன் அவரது அவிசுவாசத்தைக் கண்டிக்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடச் சொல்கிறான். எலியா சாப்பிட்டு மறுபடியும் உறங்குகிறார், தூதன் மறுபடியும் எழுப்பி உணவளிக்கிறான். தேவன் அவரோடு பேசுவதும், எலிசாவைத் துணையாகத் தருவதும், பாகாலுக்கு முழங்கால் மடக்காத ஏழாயிரம் பேர் மீந்திருப்பதை அறிவிப்பதும் அதற்குப் பிறகுதான் நடக்கின்றன. உடலும் ஊழியத்தின் பங்காளி என்பதை இந்தக் கதை ஐயமற உணர்த்துகிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் ஓய்வு நாளாயினும் போதகருக்கு அது வாரத்தின் கடினமான வேலைநாள். ஆகவே வேறொரு நாளை ஓய்வுக்கென ஒதுக்கி, அதைச் சபைக்கு வெளிப்படையாக அறிவித்துவிடுவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

சோர்வின் மற்றொரு வேர், எல்லாவற்றையும் தாமே செய்ய வேண்டும் என்ற எண்ணம். காலை முதல் மாலை வரை வழக்குகளைக் கேட்டுக்கொண்டிருந்த மோசேயைக் கண்ட அவருடைய மாமன் எத்திரோ, இப்படிச் செய்தால் மோசே மட்டுமல்ல, காத்து நிற்கும் ஜனங்களும் தளர்ந்துபோவார்கள் என்று யாத்திராகமம் 18-இல் எச்சரிக்கிறார். பொறுப்பைப் பகிராத தலைவரால் மக்களும் துன்புறுகிறார்கள் என்ற இந்தக் கவனிப்பு கூர்மையானது. தமிழ்நாட்டுச் சபைகளுக்கு இது புதிய பாடமன்று. பல ஊர்ச் சபைகள் ஒரே குருவானவரின் பொறுப்பில் இணைந்த அமைப்பாகிய சேகரம், ஊரோடு தங்கி ஜெபம் நடத்தியும் பிள்ளைகளுக்குக் கற்பித்தும் வந்த உபதேசியார்களை நம்பியே வளர்ந்தது. 1733-இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்று, சீர்திருத்தத் திருச்சபையின் முதல் தமிழ்க் குருவாகிய ஆரோனும் அதற்கு முன் உபதேசியாராக உழைத்தவரே.

பகிர்ந்ததால் கிடைக்கும் நேரத்தை எங்கே செலவிடுவது என்ற கேள்விக்கு, இங்கிலாந்தின் நெசவுத் தொழில் நகராகிய கிடர்மின்ஸ்டரில் 17-ஆம் நூற்றாண்டில் ஊழியம் செய்த ரிச்சர்ட் பாக்ஸ்டர் தெளிவான விடை தருகிறார். வல்லமையான பிரசங்கியாராக இருந்தும், பிரசங்கம் மட்டும் போதாது என்று கண்ட அவர், வாரந்தோறும் திங்களையும் செவ்வாயையும் குடும்பங்களைத் தனித்தனியே சந்திப்பதற்கென ஒதுக்கினார். நகரத்துக் குடும்பங்கள் அவரிடம் வர, உதவி ஊழியர் சுற்றுப்புறக் குடும்பங்களைத் தேடிச் சென்றார். வாரத்துக்குப் பதினைந்து பதினாறு குடும்பங்கள் என்ற கணக்கில், ஏறத்தாழ 800 குடும்பங்களை ஓராண்டில் சந்தித்து முடிப்பது அவர்களது திட்டம். விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வியும் பதிலுமாகக் கற்பிக்கும் ஞானோபதேசத்தைக் குறித்து ஒவ்வொரு குடும்பத்தோடும் உரையாடிய அவர், பல ஆண்டுகள் பிரசங்கம் கேட்டும் பயன்பெறாத சிலர் அரைமணி நேரத் தனி உரையாடலில் மனம் திறந்ததைக் கண்டார். பெருங்கூட்டத்தின் முகங்களைக் கண்டு சோர்ந்த போதகருக்கு ஒரே ஒரு மனிதனின் முகம் தரும் ஊக்கத்தை அலட்சியம் செய்யலாகாது.

வீடு சந்திப்பு இன்றும் நடக்கிறது, ஆனால் பெரும்பாலும் அவசரமாக நடக்கிறது. ஒரு சங்கீதம் வாசித்து, ஜெபித்து, கொடுத்த காபியைக் குடித்து எழுந்துவிடும் வழக்கத்தில், அந்த வீட்டார் சொல்ல நினைத்த காரியம் போதகர் வாசலில் செருப்பை மாட்டும் வேளையில்தான் தயங்கித் தயங்கி வெளிவருகிறது. மகனின் குடியைப் பற்றியோ, திருமணம் தள்ளிப்போகும் மகளைப் பற்றியோ, அடகிலிருக்கும் நகையைப் பற்றியோ தாய் தொடங்கும் அந்த வாக்கியத்தைக் கேட்க மறுபடியும் உள்ளே சென்று உட்காரும் போதகர், அன்று செல்லவேண்டிய மற்ற இரண்டு வீடுகளை மறுநாளுக்குத் தள்ளலாம். அங்கே கேட்டதைப் பெயர் மாற்றியும்கூடப் பிரசங்கத்தில் உதாரணமாக்காதிருப்பது இன்றியமையாதது; சிற்றூரில் பெயர் இல்லாமலே ஆளை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இவ்வளவு பாரத்தைக் கேட்டுச் சுமப்பவர் தம் பாரத்தை யாரிடம் சொல்வார் என்பதே எஞ்சி நிற்கும் கேள்வி. பாக்ஸ்டர் தம் வட்டாரத்தில் வெவ்வேறு திருச்சபைக் கொள்கையுடைய ஊழியர்களை ஒரு சங்கமாகக் கூட்டினார். 1655 டிசம்பர் 4 அன்று வூஸ்டரில் நடந்த அவர்களது ஜெபக் கூடுகைக்கு நோயினால் செல்ல முடியாதபோது, அங்கே பேச ஆயத்தம் செய்ததை விரித்தே, போதகரின் புதுப்பிக்கப்பட்ட வாழ்வைப் பற்றிய புகழ்பெற்ற நூலை 1656-இல் வெளியிட்டார். நோயாளியாகிய ஓர் ஊழியர் தம் உடன் ஊழியர்களுக்காக எழுதியது என்பதாலேயே அந்நூலின் கண்டிப்பான பகுதிகளும் கனிவோடு ஒலிக்கின்றன. அக்கம்பக்கத்துச் சபைகளின் போதகர்கள் மூன்று நான்கு பேர், திருச்சபைப் பிரிவு பாராமல், மாதம் ஒருமுறை கூடுவது இன்றும் கடினமன்று. ஆராதனைக்கு வந்தோர் எண்ணிக்கையும் காணிக்கைத் தொகையும் அங்கே பேசப்படக் கூடாது. ஒவ்வொருவரும் தம் ஆத்துமாவின் நிலையைச் சொல்லி, மற்றவர் கைவைத்து ஜெபிக்க இடம் கொடுக்க வேண்டும். அந்த நாளைச் சேகரக் குழுவினர் போதகரின் விடுப்பாகக் கருதாமல் ஊழிய நாளாகவே கணக்கில் எழுதி, பேருந்துச் செலவையும் சபையின் செலவாக ஏற்றுக்கொள்வது முறையாகும்.