காவற்பறவைக்குரிய கடன்

நோயின் வரவை முன்னறிவிக்கும் உயிருக்கு மனிதன் பட்ட கடன் யாது? நுளம்பினாற் பரவும் வைரசு நோய்களைக் காட்டுப் பறவைகளிடத்துக் கண்காணிக்கும் முறை இவ்வினாவை எழுப்புகின்றது.

1999 இல் நியூயோர்க் நகரிற் காகங்கள் பெருந்தொகையாக மடிந்தன. அவ்வேளையில் மனிதரிடையே மூளையழற்சியும் தோன்றிற்று. இரண்டுக்கும் காரணம் மேற்கு நைல் வைரசே என்பது பின்னரே தெளிவாயிற்று. பருந்து, ஆந்தை முதலிய இரைகொல்லிப் பறவைகள் நுளம்புக்கடியால் மட்டுமன்றி, நோயுற்ற இரையை உண்பதாலும் இவ்வைரசுக்கு ஆளாகின்றன. ஆதலின், ஒரு பருந்தின் குருதி அது வாழும் நிலத்தின் நிலையையே உணர்த்த வல்லது.

இலங்கையிலும் இதற்கு நெருங்கிய அனுபவம் உண்டு. 1980களின் பிற்பகுதியில் அனுராதபுரப் பகுதியில் யப்பானிய மூளையழற்சி பரவியபோது, கண்டியிற் பிறந்த மலிக் பீரிஸ், பீலிக்ஸ் அமரசிங்க முதலிய பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுளம்பு, பன்றி, மனிதன் என்னும் மூன்றையும் இணைத்து ஆராய்ந்தனர். அவ்வைரசு இயற்கையில் கொக்கு முதலிய நீர்ப்பறவைகளிடத்து உறைவது. பன்றியின் உடலிற் பெருகுவது. நெல்வயலில் விளையும் நுளம்பினாற் பரவுவது. வயலை அமைத்தவனும் பன்றியை வளர்த்தவனும் மனிதனே. எனவே, கொக்கின்மீது மட்டும் பழிசுமத்துவது பாதியுண்மையே.

பன்றி மனிதன் இட்ட உணவில் வளர்வது. அதன் குருதியைச் சோதிக்க அவனுக்கு ஓரளவு உரிமையுண்டு எனலாம். உடவத்தக்கலைக் காட்டின்மேல் வட்டமிடும் பாம்புக்கழுகோ எவரிடத்தும் எதுவும் பெற்றதன்று. அதனைப் பிடித்துக் குருதி எடுத்தல் முறையாகுமா?

பறவைக்கு நேரும் துன்பம் சிறிது, காக்கப்படும் மனித உயிரோ பெரிது என்பர் சிலர். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. ஆயின், இலாபத்தின் அளவு மட்டும் ஒரு செயலை அறமாக்கிவிடாது. சிகிச்சைக்காக ஏற்கெனவே கொண்டுவரப்பட்ட பறவையிடமும் இறந்து கிடக்கும் பறவையிடமும் அறியக்கூடியதை அறிவதற்கு, நலமாய்ப் பறப்பதைப் பிடித்தல் வேண்டா. இது முதற் கடன்.

இரண்டாவது கடன் இதனினும் பெரிது. டெங்கு பறவைகளாற் பரவுவதன்று. எனினும், கண்டி நகருக்கு அது புகட்டும் பாடம் ஒன்றுண்டு. நுளம்பு எங்கே பெருகுகின்றது என்பதை அறியாதார் இல்லை. ஆயினும், சிரட்டையிலும் கூரைப் பீலியிலும் நீர் தேங்கியே நிற்கின்றது. அறிதல் வேறு, ஆற்றுதல் வேறு. எச்சரிக்கையைப் பெற்றபின்னும் வாளாவிருப்போர் பறவையிடம் எடுத்த குருதி, பயனின்றி எடுத்ததாகவே முடியும்.

காவலனை நிறுத்துவோர் அவன் குரலுக்கு எழுந்து வரவும் கடமைப்பட்டவர். அவ்வாறு எழ மனமில்லாதார் பறவையைக் காவல் வைத்தல் அறமாகாது.