கணக்கில் வராத சிறுவன்

ரிட்லி ஸ்காட் இயக்கி 2010-இல் வெளிவந்த 'ராபின் ஹுட்' படத்தை அண்மையில் மறுபடியும் பார்த்தேன். ரஸ்ஸல் குரோ ராபினாகவும் கேட் பிளான்செட் மேரியனாகவும் நடித்திருக்கிறார்கள். சண்டைக்குக் குறைவில்லை. கோட்டை முற்றுகை, அம்பு மழை, கடைசியில் கடற்கரையில் பிரெஞ்சுப் படையோடு பெரும்போர். எல்லாம் சரிதான். ஆனால் படம் முடிந்தபின் என் மனதில் நின்றது, ஆரம்பத்தில் வரும் ஒரு சின்ன உரையாடல் மட்டுமே.

ரிச்சர்ட் மன்னன் தான் நடத்திய சிலுவைப் போரைக் கடவுள் மெச்சுவாரா என்று சாதாரண வில்லாளியான ராபினைக் கேட்கிறான். மாட்டார் என்கிறான் ராபின். காரணம், ஆக்ரே. 1191-இல் அந்த நகருக்கு வெளியே 2,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் கைதிகளை ரிச்சர்ட் கொல்லவைத்தது வரலாறு. அன்று கைகள் கட்டப்பட்டுக் காலடியில் கிடந்த ஒரு பெண் தன்னை அண்ணாந்து பார்த்தாள், அந்தப் பார்வையில் பயமும் இல்லை, கோபமும் இல்லை, இரக்கம்தான் இருந்தது என்கிறான் ராபின். உண்மையைச் சொன்னதற்குப் பரிசு, தொழுமரத்தில் மாட்டிவைக்கிறார்கள்.

இப்படி ஒரு பார்வையைச் சுமப்பவன் அடுத்த முறை வில்லை எடுக்கும்போது கை கொஞ்சமாவது தயங்க வேண்டாமா? தயங்கவில்லை. அவன் தயங்கத் தேவையில்லாதபடி படம் காரணங்களை அடுக்கித் தருகிறது. அவனுடைய அப்பா மக்களுக்கான உரிமைச் சாசனம் எழுதி அதற்காகவே கொல்லப்பட்ட கல்தச்சர். எதிரி, நாட்டையே காட்டிக்கொடுக்கும் துரோகி. அவன் செய்யும் வழிப்பறிகூட, திருச்சபை கொண்டுபோகும் தானியத்தை இரவில் மீட்டு ஊர் வயலில் விதைப்பதுதான். கடைசியில் ஜான் மன்னன் சாசனத்தை எரித்து, ராபினை அவுட்லா என்று அறிவிக்கிறான். கதை தொடங்க வேண்டிய இடத்தில் படம் முடிந்துவிடுகிறது. அவன் கையால் சாகிற எல்லோரும் சாகவேண்டியவர்கள்தான் என்ற நிம்மதியோடு நாம் எழுந்து போகலாம்.

அட, சினிமாதானே, விட்டுத்தள்ளு என்று சொல்லலாம். ஆனால் பழைய கதைப்பாடல்கள் இந்த நிம்மதியை நமக்குத் தரவில்லை. கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று 'ராபின் ஹுட்டும் துறவியும்'. கையெழுத்துப் படி சுமார் 1450-ஐச் சேர்ந்தது. வில்போட்டிப் பந்தயத்தில் லிட்டில் ஜானோடு சண்டை போட்டுக்கொண்டு, ராபின் தனியாக நாட்டிங்காம் தேவாலயத்துக்குப் பிரார்த்தனைக்குப் போகிறான். ஒரு துறவி அடையாளம் கண்டு ஷெரீப்பிடம் சொல்லிவிட, பிடிபடுகிறான். அந்தச் செய்தியை மன்னனிடம் கொண்டுபோகிற துறவியை ஜானும் மச் என்கிற கூட்டாளியும் வழியில் மறிக்கிறார்கள். துறவியை ஜான் கொல்கிறான். சரி, அவன் காட்டிக்கொடுத்தவன். ஆனால் கூடவே ஒரு பணியாள் சிறுவன் வருகிறான். அவனை மச் கொன்றுவிடுகிறான். சிறுவன் செய்த குற்றம் எதுவும் பாட்டில் இல்லை. வெளியே போய்ச் சொல்லிவிடுவானோ என்ற பயம், அவ்வளவுதான்.

பாட்டு அங்கே நிற்பதில்லை. ஜான் அந்தக் கடிதங்களை மன்னனிடமே கொண்டுபோய்க் கொடுத்து, மன்னனின் முத்திரையை வாங்கி வந்து, அதைக் காட்டியே ராபினை மீட்கிறான். ஏமாந்தது தெரிந்த மன்னனும் ஜானின் விசுவாசத்தை வியந்து அத்தோடு விட்டுவிடுகிறான். எல்லோருக்கும் சந்தோஷம். சிறுவனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

இங்கே அவுட்லா என்ற சொல்லுக்கு அன்று இருந்த பொருளைக் கவனிக்க வேண்டும். இடைக்கால இங்கிலாந்தில் அது வெறும் திருடனைக் குறித்ததல்ல. நீதிமன்றம் பலமுறை கூப்பிட்டும் வராதவனைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுவார்கள். சொத்து போகும். அவன் தலை 'ஓநாய்த் தலை' என்று பெயர் பெறும். ஓநாயைப் போல அவனை யார் வேண்டுமானாலும் கொல்லலாம், பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதே அதன் பழைய பொருள். அவனுக்கு இழைக்கப்பட்ட ஆக மோசமான அநியாயம் இதுதான்: அவன் சாவு யாருடைய கணக்கிலும் வராது. அந்தக் காட்டுப்பாதையில் சிறுவனுக்கு நேர்ந்ததும் அதேதான். விசாரணை இல்லை, கூப்பிடுதல்கூட இல்லை. சட்டம் தங்களுக்குச் செய்ததை, தங்களைவிட எளியவன் ஒருவனுக்கு அவர்கள் திருப்பிச் செய்துவிட்டார்கள்.

அரசனே கொள்ளையடிக்கும்போது ஏழை வேறு என்னதான் செய்வான் என்ற கேள்வி இருக்கிறது. அது நியாயமான கேள்வி. மான் கொன்றதற்காக இனி யாரும் உயிரையோ உறுப்பையோ இழக்க வேண்டாம் என்று 1217-இல் ஒரு வனச் சாசனமே எழுத வேண்டியிருந்தது என்றால், அதற்கு முந்தைய சட்டம் எப்படி இருந்திருக்கும்! எரிக் ஹாப்ஸ்பாம் 1969-இல் எழுதிய 'பேண்டிட்ஸ்' நூலில், இத்தகைய கொள்ளையர்களை எளியவர்களின் எதிர்ப்பு வடிவமாகப் பார்த்தார். ஆண்டன் பிளாக் 1972-இல் அதை மறுத்தார். கொள்ளையர்கள் பல இடங்களில் நிலப்பிரபுக்களின் கைக்கருவியாக இருந்து விவசாயிகளையே ஒடுக்கினார்கள் என்றார். எனக்கு இருவருமே தேவைப்படுகிறார்கள். கொள்ளையன் ஏன் பிறக்கிறான் என்பதை முதலாமவர் சொல்கிறார். பிறந்தபின் அவன் யார் பக்கம் வேண்டுமானாலும் சாயலாம் என்பதை இரண்டாமவர் சொல்கிறார்.

ஆகவே சட்டம் கெட்டது என்பது, அதை மீறுகிறவன் செய்யும் எல்லாவற்றுக்கும் ரசீது ஆகாது. அவன் யாரிடம் பறித்தான், யாருக்குக் கொடுத்தான் என்பதோடு நாம் கணக்கை முடித்துவிடுகிறோம். யாரைப் பொருட்படுத்தாமல் தாண்டிப் போனான் என்பதையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகும்.

இந்த இடத்தில் பழைய பாட்டு படத்தைவிட நேர்மையானது. பாடியவனுக்குச் சிறுவன்மேல் இரக்கம் இருந்ததா, தெரியாது. ஆனால் அவன் அந்தக் கொலையை மறைக்கவில்லை. ஐந்தரை நூற்றாண்டு கழித்தும் சிறுவன் அங்கே கிடக்கிறான், நாம் பார்க்கலாம். ரிட்லி ஸ்காட்டிடம் ஆக்ரே பெண்ணின் முகம் இருந்தது. அதைக் கடைசிவரை ராபின் கூடவே வரவிட்டிருந்தால் இது வேறு படம்.

நம் பத்திரிகைகளும் அவ்வப்போது யாராவது ஒரு கொள்ளையனுக்கு 'ராபின் ஹுட்' பட்டம் கொடுக்கின்றன. அவன் யாருக்கு அள்ளிக் கொடுத்தான் என்பதை ஊர் சொல்லும். பார்த்துவிட்ட ஒரே காரணத்துக்காகச் செத்தவர்கள் யார் யார் என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.