கோயில் மாறினால் தெய்வம் கிளம்பிவிடுமா?

விடியற்காலை ஐந்து மணிக்கே கம்போடியாவின் அங்கோர் வாட் மேற்கு வாசலில் கூட்டம் நெரிகிறது. சியம் ரீப் விடுதிகளிலிருந்து டுக்-டுக் வண்டிகளில் வந்திறங்கியவர்கள் கைப்பேசி வெளிச்சத்தில் அகழியைக் கடந்து, கோபுரங்களின் நிழல் தண்ணீரில் விழும் குளக்கரையில் இடம்பிடிக்க விரைகிறார்கள். அந்த அவசரத்தில் பலர் பார்க்காமலே தாண்டிவிடுகிற ஒருவர் உண்டு. வாசலின் தென்புற மண்டபத்தில் நிற்கும் எட்டுக் கை விஷ்ணு. உள்ளூர்க்காரர்கள் அவரைத் 'தா ரீச்' என்கிறார்கள். காவித் துணி சாத்தி, தாமரை மொட்டு வைத்து, ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். ஏற்றுகிறவர்கள் எல்லோரும் பௌத்தர்கள்.

12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்கென்று எழுப்பிய கோயில் இது. (சோழர் கட்டியது என்று வாட்ஸாப்பில் சுற்றும் கதையை நம்பவேண்டாம். கட்டியவர்கள் கெமர்கள், அந்தப் பெருமையை நாம் பிடுங்கிக்கொள்வது அழகல்ல.) பிறகு பௌத்தம் வேரூன்றியது. கருவறை வாசல்களைக் கல்லால் அடைத்து, அதிலேயே நின்ற கோலப் புத்தர்களைச் செதுக்கினார்கள். அப்படியானால் விஷ்ணு எப்போது கிளம்பினார்? கிளம்பினாரா?

நம் ஆகமங்களிடம் கேட்டால் பதில் தெளிவாகவே வரும். பிரதிஷ்டை செய்த பிறகுதான் கல்லில் தெய்வம் எழுந்தருளும். நித்திய பூஜைதான் அந்தச் சாந்நித்தியத்தைத் தக்கவைக்கும். திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்வதும், மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றுவதும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் நடத்துவதும் இந்தக் கணக்கில்தான். பின்னமான மூர்த்தி பூஜைக்கு ஆகாது. இதன்படி பார்த்தால் அங்கோர் வாட்டில் இன்று இருப்பது வெறும் கல். பெருமாள் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன.

கெமர் கிராமத்தாரின் கணக்கு வேறு. நெயாக் தா எனப்படும் காவல் தெய்வங்கள் மரத்திலும் புற்றிலும் பாறையிலும் பழஞ்சிலையிலும் குடியிருப்பவை. அரசன் மாறலாம், மதம் மாறலாம், அவை இடம் பெயர்வதில்லை. அய்யனாரையும் முனியப்பனையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சியம் ரீப் ஊருக்குள், அரச மாளிகைக்கு எதிரே, ப்ரெஆ அங் செக், ப்ரெஆ அங் சோம் என்று இரண்டு சிலைகள் இருக்கின்றன. பார்வைக்கு நின்ற கோலப் புத்தர்கள். கும்பிடுகிறவர்களுக்கோ அக்காவும் தங்கையுமான இளவரசிகள். கல்யாணமான கையோடு மணமக்கள் அங்கே வந்து தாமரை வைக்கிறார்கள். சிற்ப இலக்கணம் படித்தவர் யாராவது குறுக்கே வந்து திருத்த முயன்றால் காதில் வாங்க ஆள் இருக்காது.

பின்னமான சிலை ஆகாது என்கிற விதியும் அங்கே செல்லுபடியாவதில்லை. பயோன் கோயிலின் மையக் கருவறைக்கு அடியில் 1933இல் தோண்டியபோது, நாகத்தின் மேல் அமர்ந்த பெரிய புத்தர் ஒருவர் துண்டு துண்டாகக் கிடைத்தார். உயரம் 3.6 மீட்டர். ஏழாம் ஜெயவர்மன் வளர்த்த பௌத்தத்துக்கு எதிராக 13ஆம் நூற்றாண்டில் எழுந்த அலையில் உடைத்துத் தள்ளியிருக்கவேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. துண்டுகளைச் சேர்த்து 1935இல் பக்கத்து மேடை ஒன்றில் நிறுவினார்கள். ஒட்டிய தழும்புகளோடு அவர் இன்றும் வழிபாட்டில் இருக்கிறார்.

இந்த இரண்டு கணக்கிலும் அடங்காத ஒருவர் 1632இல் ஜப்பானிலிருந்து வந்தார். பெயர் மொரிமோட்டோ உகொன்டாயு. பெற்றோரின் நற்கதிக்காக நான்கு புத்தர் சிலைகளைக் காணிக்கையாக வைத்து, தாம் வந்த செய்தியை அங்கோர் வாட் தூண் ஒன்றில் மையால் எழுதிவிட்டுப் போனார். அந்த எழுத்து, மங்கியிருந்தாலும், இன்னும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அவர் வந்தது ஜேதவனத்தைத் தேடி. புத்தர் பல மழைக்காலங்களைக் கழித்த அந்தத் தோட்டம் இருந்தது சிராவஸ்தியில், இன்றைய உத்தரப் பிரதேசத்தில். அங்கோர் வாட்தான் ஜேதவனம் என்று அக்கால ஜப்பானியர் சிலர் நம்பியிருந்தார்கள். வந்த இடம் தவறு. செய்த வழிபாடும் தவறாகிவிடுமா? புனிதம் மண்ணில்தான் இருக்கிறது என்றால் அவர் ஏமாந்து திரும்பினார் என்றே சொல்லவேண்டும். அப்படிச் சொல்ல மனம் வரவில்லை என்றால், வருகிறவர் கையோடு கொண்டுவருவதும் புனிதத்தில் ஒரு பங்கு என்று ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கும்.

அங்கோர் வட்டாரத்திலேயே உள்ள பந்தாய் ஸ்ரீக்குப் போகிற தமிழர்கள் ஒரு முகப்புச் சிற்பத்தைத் தேடிப் பார்க்கவேண்டும். 967இல் பிரதிஷ்டையான, இளஞ்சிவப்பு மணற்கல்லில் இழைத்த சின்னஞ்சிறு சிவன் கோயில் அது. ஆடும் சிவனின் காலடியில் வற்றிய முலையும் எலும்புக்கூட்டு உடலுமாக ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார் என்றே ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். 1923இல் ஆந்த்ரே மால்ரோ என்ற இளைஞர் இதே கோயிலின் தேவதைச் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்துக் கொண்டுபோய்ப் பிடிபட்டார். கேட்பாரற்றுக் கிடந்த இடிபாடு என்பது அவர் தரப்பு நியாயம். பின்னாளில் அவர்தான் பிரான்சின் பண்பாட்டு அமைச்சர்!

பூஜை நின்ற கோயிலுக்குச் சொந்தக்காரர் உண்டா என்கிற அதே கேள்வி லண்டன் நீதிமன்றத்துக்கும் போனது. தஞ்சை வட்டாரத்துப் பத்தூரில் 1976இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராஜர், கைமாறிக் கைமாறி அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். அவரை மீட்க வழக்காடியவர்களில் இடிந்து கிடந்த அந்தச் சிவன் கோயிலும் ஒரு தரப்பு. கோயில் பாழடைந்தாலும் அதன் உரிமை அழியவில்லை என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1991இல் ஏற்றுக்கொண்டது. கெமர் கிராமத்துப் பாட்டி இதற்கு வழக்கறிஞர் வைத்திருக்கமாட்டார்.

சுற்றுலாப் பயணி வேறு, பக்தர் வேறு என்று பிரிக்கிற வேலையை இன்று நுழைவுச்சீட்டுதான் செய்கிறது. வெளிநாட்டவருக்கு ஒரு நாளைக்கு 37 டாலர், கம்போடியர்களுக்கு இலவசம். கை கூப்பி நிற்கிற தமிழரும், கேமராவோடு மட்டும் வருகிற ஐரோப்பியரும் அந்தக் கவுன்டரில் ஒன்றுதான். குலேன் மலைக்குப் போனால் இந்தப் பிரிவினையே குழம்பிவிடும். வழியோரக் கடைகளில் சிவப்பு வாழைப்பழம் வாங்கிய குடும்பங்கள், பாறையில் செதுக்கிய சயனப் புத்தருக்குக் கொஞ்சம் படைத்துவிட்டு, அருவிக்கரையில் பாய் விரித்து மீதியைச் சாப்பிடுகின்றன. எது யாத்திரை, எது உல்லாசம் என்று அவர்களைக் கேட்டால் கேட்டவரைத்தான் விநோதமாகப் பார்ப்பார்கள்.

அங்கோர் வாட்டின் உச்சி அடுக்கான பாகானுக்கு ஏறத் தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். அரைக்கால் சட்டையோடு வந்தால் படிக்கட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாதத்தில் நான்கு நாட்கள், பௌத்தப் புனித நாட்களில், பாகானைப் பயணிகளுக்குத் திறப்பதே இல்லை. ஒரே ஒரு நாள் கையில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் விமானச் சீட்டு எடுக்கும் முன்பே பிறை பார்த்துவிடுவது நல்லது.