எட்ட நிற்கும் கருணை



தில்லி மோதி பாக்கில் வாழும் நம்மவர், மார்கழிக் குளிரில் சுல்தான்பூர் ஏரிக்குச் சென்றால் வரித்தலை வாத்துகளைக் காணலாம். வெண்மையான தலையின் பின்புறத்தில் இரண்டு கரிய பட்டைகள். அவையே அவற்றின் அடையாளம். லடாக்கில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்திலுள்ள சோ மோரிரி ஏரி இவ்வினம் கோடையில் குஞ்சு பொரிக்கும் இடங்களுள் ஒன்று. இமயத்தைக் கடக்கையில் இவை 7,000 மீட்டருக்கு மேலும் பறப்பதுண்டு. திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் வரையிலும் இவ்வினம் வந்து தங்குகிறது.

அம்பு தைத்து வீழ்ந்த அன்னத்தைச் சித்தார்த்தர் எடுத்துக் காத்த கதையை நாம் அறிவோம். எய்தவனுக்கன்று, உயிர் காத்தவருக்கே பறவை உரியது என்பது அவ்வழக்கின் தீர்ப்பு.

இன்று மலையேரிக்குச் செல்வோர் கையில் வில் இல்லை, படக்கருவியே உண்டு. எனினும், நல்ல படம் வேண்டுமென்று கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்தோடும். முட்டை குளிரில் விறைக்கும். அல்லது நாய்க்கு இரையாகும். கொல்லும் எண்ணம் இல்லாமலே கொலை நேர்ந்துவிடும். ஆகவே முதற்சீலம் கையை மட்டுமன்று, ஆசையோடு நடக்கும் காலையும் தடுக்கின்றது.

சோ மோரிரிக் கரையிலுள்ள கோர்சோக் கிராமத்துப் பௌத்தர்கள் 2000-ஆம் ஆண்டில் அவ்வேரியை உலக உயிர்களுக்குரிய புனிதக் கொடையாக அறிவித்தனர். ஏரி தங்களுடையதென்று அவர்கள் பற்றிக்கொள்ளவில்லை. வாழவரும் உயிர்களுக்கென விட்டுக்கொடுத்தனர்.

"எட்ட நில்" என்னும் சொல் நம் முன்னோரைச் சுட்ட சொல். கிணற்றடியிலும் கோயில் வாயிலிலும் அதைக் கேட்டவர்கள் நாம். மனிதனை இழிவென்று எண்ணி விலக்கிய தொலைவு அது. அதனை நாம் ஒருநாளும் ஏற்கமாட்டோம். ஆனால் அஞ்சும் உயிருக்கு அபயம் அளிப்பதற்காக நாமே மனமுவந்து எட்ட நிற்பது வேறு. முன்னையது பிறரைத் தாழ்த்தும்; பின்னையது நம் ஆசையைத் தாழ்த்தும். இவ்விரண்டின் வேற்றுமையை நம்மைவிட நன்குணர்ந்தவர் யார்?

ஆதலின், விடுமுறை நாளில் உங்கள் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். கல்லெறியாமல், கூச்சலிடாமல், அமைதியாக அமர்ந்து பார்க்கச் செய்யுங்கள். பறவை தலை தூக்கி விழித்தால் ஓரடி பின்வாங்கக் கற்பியுங்கள். அவ்வோரடியே அவர்கள் பயிலும் மைத்திரி தியானத்தின் தொடக்கமாகட்டும்.

சகல உயிர்களும் அச்சமின்றி வாழ்க!