முழங்காலில் ஒரு பிறை

மனிதன் தன் உறுப்புகளுள் எதனையும், அது நோகத் தொடங்கும் வரையில் நினைப்பதில்லை. நமக்கு முழங்கால் என்று ஒன்று உண்டென்பது, ஐம்பத்து மூன்றாம் வயதில் ஒரு சுபுஹுத் தொழுகையின்போதுதான் தெரிய வந்தது. முதல் ரக்அத்தின் ஸுஜூதிலிருந்து எழுகையில் வலது முழங்காலின் உட்புறத்தில் ஏதோ ‘சடக்’கென்றது. ஸலாம் கொடுத்து முடிப்பதற்குள் கால் காந்தத் தொடங்கிற்று. முப்பது ஆண்டுகளாகத் தரையில் சம்மணமிட்டமர்ந்து பாடம் நடத்தி வந்தவர் நாம். அன்று முதல் சம்மணமிடுவதும் இயலாமற் போயிற்று. ஸுஜூதுக்குச் செல்வதும் பெரும்பாடாயிற்று.

நோய் வந்தவனுக்கு மருந்துக்குப் பஞ்சம் இருக்கலாம். ஆலோசனைக்குப் பஞ்சம் இருப்பதில்லை. நகரத்து மருத்துவர் ஒருவர் எம்.ஆர்.ஐ. படத்தை விளக்கொளியில் தூக்கிப் பார்த்து, “ஜவ்வு கிழிந்திருக்கிறது, அடுத்த வாரமே ஆபரேஷன் செய்துவிடலாம்” என்றார். மற்றொரு மருத்துவர் அதே படத்தைப் பார்த்து, “அவசரமில்லை, மூன்று மாதம் பயிற்சி செய்யுங்கள்” என்றார். நம் மாணவர் ஒருவர், “ஹஜ்ரத், எங்கள் ஊரில் எண்ணெய்க் கட்டுப் போடுகிற வைத்தியர் இருக்கிறார்” என்று அன்போடு அழைத்தார். நம் துணைவியாரின் தமையனாரோ, “மச்சான், கொடுத்தவன் அல்லாஹ், எடுப்பவனும் அவனே. தவக்குல் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள்” என்று முடித்துவிட்டார்.

நால்வரும் நம் நலம் நாடியவர்களே. ஆனால், நான்கு வழியிலும் ஒரே காலைக் கொண்டு நடக்க இயலாதன்றோ! எனவே, நோயைக் காட்டிலும் ஒரு கேள்வி நம்மை மிகுதியாக வருத்திற்று. சிகிச்சையை மேற்கொள்வது இறைநம்பிக்கைக்குக் குறைவா? மேற்கொள்ளாதிருப்பது உடல் என்னும் அமானிதத்துக்குச் செய்யும் துரோகமா?

முதலில் கிழிந்தது எதுவென்று அறிவோம். ஒவ்வொரு முழங்காலிலும் தொடையெலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையில், உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இரண்டு குருத்தெலும்புத் தகடுகள் உள்ளன. மேலைநாட்டார் இதனை ‘மெனிஸ்கஸ்’ என்பர். அது ‘சிறு நிலா’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. அரபு மருத்துவர்களும் ‘ஹிலால் வடிவக் குருத்தெலும்பு’ என்றே கூறுவர். ஆக, மாதந்தோறும் நாம் வானத்தில் தேடுகிற பிறையின் வடிவில், ஒவ்வொருவர் முழங்காலிலும் இரண்டு பிறைகள் இருக்கின்றன! முழங்காலின் மேல் இறங்கும் பாரத்தில் பெரும் பகுதியைத் தாங்கிப் பரப்பிவிடுவது இவற்றின் பணி. இவற்றின் வெளி விளிம்புக்கு மட்டுமே இரத்த ஓட்டம் உண்டு; உள் விளிம்புக்கு இல்லை. அதனால் வெளி விளிம்பில் நேர்ந்த கிழிசல் ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு; உள் விளிம்பில் நேர்ந்தது தானாக ஒட்டுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தகட்டினை, பயனற்றுப்போன ஏதோ தசையின் எச்சம் என்று கருதிய அறிஞர்களும் இருந்தனர். அதனால் பல பத்தாண்டுகள், கிழிந்தால் முழுவதையும் வெட்டி எடுத்துவிடுவதே வழக்கமாயிருந்தது. 1948இல் ஃபேர்பேங்க் என்னும் ஆங்கிலேய மருத்துவர், அவ்வாறு எடுக்கப்பட்ட முழங்கால்களில் பின்னாளில் தோன்றும் தேய்மான அடையாளங்களை எக்ஸ்ரே கொண்டு எடுத்துக்காட்டினார். வீணென்று எண்ணி எறிந்தது வீணானதன்று என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. படைத்தவன் எதனையும் வீணாகப் படைக்கவில்லை என்று நாள்தோறும் ஓதுகிற நமக்கு இது புதுச் செய்தியன்று. எனினும், ஓதுவது வேறு. நம் உடலிலேயே கண்டறிவது வேறு.

இனி, கேள்விக்கு வருவோம். நாட்டுப்புற அரபிகள் சிலர் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து, மருத்துவம் செய்துகொள்ளலாமா என வினவியதும், செய்துகொள்ளுமாறு அண்ணலார் பணித்து, முதுமை நீங்கலாக எந்நோய்க்கும் இறைவன் மருந்தை வைத்துள்ளான் என அறிவித்ததும் நாம் அறிந்தவையே. எனவே மருத்துவம் ஆகுமா, ஆகாதா என்பது என்றோ தீர்ந்துபோன கேள்வி. எம்மருத்துவம், எப்போது என்பதே எஞ்சி நிற்கிறது.

இதற்கு வழிகாட்டியவர் ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் தவக்குலைப் பற்றிப் பேசுமிடத்தில், துன்பத்தை நீக்கும் காரணங்களை அவர்கள் மூன்று படித்தரங்களாக வகுக்கின்றார்கள். முதலாவது, மக்தூஉ: பயன் உறுதியானது. தாகத்துக்குத் தண்ணீரும் பசிக்கு உணவும் போல. உயிருக்கு ஆபத்து நேர்கையில் இதனை விடுவது தவக்குல் அன்று, ஹராம். இரண்டாவது, மள்னூன்: பயன் உண்டென்று பெரிதும் எண்ணத்தக்கது. மருத்துவர்கள் அறிந்த சிகிச்சைகளில் பெரும்பாலானவை இத்தரத்தன. இதனைச் செய்வது தவக்குலுக்கு முரணன்று, விடுவதும் குற்றமன்று, ஆளையும் நிலையையும் பொறுத்தது. மூன்றாவது, மவ்ஹூம்: வெறும் ஊகத்தில் நிற்பது. இதனைப் பற்றிக்கொண்டு அலைவதே தவக்குலுக்குக் குறைவு.

இப்பாகுபாட்டில் நாம் கண்ட நுட்பம் ஒன்று உண்டு. தவக்குல் வேண்டுமென்பவன், தன் முன்னுள்ள மருந்து எத்தரத்தைச் சார்ந்தது என்று முதலில் அறிந்தாக வேண்டும். அறியாமல் விடுவதும் தவக்குல் அன்று. அறியாமல் பாய்வதும் தவக்குல் அன்று. நோயாளிக்கு விசாரித்தறிவதும் ஓர் இபாதத்தே எனலாம்.

ஒரே பெயர் கொண்ட நோய்க்கு ஒரே சிகிச்சை ஆளுக்கேற்பத் தரம் மாறும் என்பதற்கு நம் மஹல்லாவிலேயே சான்று உண்டு. பத்தொன்பது வயது இளைஞர் ஒருவருக்குப் பந்தாட்டத்தில் கால் திருகியது. முழங்கால் வீங்கிற்று, பூட்டுப் போட்டாற்போல் முழுதும் நிமிராமல் நின்றுவிட்டது. “சபுர் செய் வாப்பா, எல்லாம் சரியாகும்” என்று வீட்டார் எட்டு மாதங்களை ஓட்டிவிட்டனர். பின்னர் மருத்துவரிடம் சென்றபோது, கிழிந்த துண்டு மூட்டின் நடுவே புரண்டு அடைத்துக் கிடந்தது தெரிந்தது. காலத்தில் வந்திருந்தால் தைத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்றும், இப்போது வெட்டி எடுப்பதன்றி வழியில்லை என்றும் மருத்துவர் கூறினார். அவருடைய தந்தையார் நம்மிடம் வந்து, “ஹஜ்ரத், நான் சபுர் என்று நினைத்தது சோம்பல்தான் போலும்” என்று கண் கலங்கினார். அவருக்கு நாம் ஆறுதல் கூறினோம். ஆயினும் அவர் சொல்லை மறுக்க நம்மால் இயலவில்லை.

நம் நிலையோ வேறு. ஐம்பதைக் கடந்தவர்களின் முழங்காலில் இத்தகடு, பழைய பாயின் விளிம்பு போல் நாட்பட நைந்து கிழிவதுண்டு. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயது வரையிலான 991 பேரின் முழங்கால்களைப் படமெடுத்து, 2008இல் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். கிழிசல் காணப்பட்டவர்களுள் 61 சதவீதத்தினருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ விறைப்போ இருந்ததில்லை! ஆகவே, படத்தில் கிழிசல் தெரிவதனால் மட்டும் வலிக்கு அதுவே காரணம் என்று தீர்ப்பளிக்க இயலாது. ஒரு சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்கும் காழியை நாம் ஏற்போமா?

பின்லாந்து நாட்டு மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்புக்குரியது. நைந்து கிழிந்த தகடுடையவர்களாய், மூட்டுத் தேய்மானம் இல்லாதவர்களாய், 35 முதல் 65 வயதுக்குட்பட்ட 146 பேரை, அவர்தம் ஒப்புதலுடன் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்குக் கிழிந்த பகுதியைச் சிறு துளை வழியாக வெட்டி எடுத்தனர். மறு பிரிவினருக்கு அதே அறையில், அதே போன்று துளையிட்டு, வெட்டுவது போல் பாவனை மட்டும் செய்தனர். எவருக்கு எது செய்யப்பட்டதென்று நோயாளிகளுக்குத் தெரியாது. ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு பிரிவினரும் நலம் பெற்றிருந்தனர். வெட்டப்பட்டவர்கள் மேலோங்கி நிற்கவில்லை. காலமும் இயற்கையும் ஆற்றிய புண்ணுக்கு நாம் இத்தனை காலம் கத்திக்கு நன்றி கூறி வந்தோமோ என்று எண்ணத் தோன்றுகிறதன்றோ!

அதற்காகக் கத்தியே வேண்டாமென்பதும் மிகை. அதே 2013இல் அமெரிக்காவில், 45 வயதும் அதற்கு மேலும் உடைய 351 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், அறுவை செய்தோருக்கும் உடற்பயிற்சி தொடங்கியோருக்கும் ஆறு மாத முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால், பயிற்சி தொடங்கியோருள் 30 சதவீதத்தினர் அதற்குள் அறுவைக்கு மாறியிருந்தனர். பயிற்சி எல்லோருக்கும் போதுமானதாய் அமையவில்லை என்பதை இது உணர்த்துகிறது. 2017இல் பன்னாட்டு வல்லுநர் குழுவொன்று, தேய்மானத்தால் வரும் முழங்கால் நோயில் ஏறத்தாழ எல்லோருக்கும் இத்துளைவழி அறுவை வேண்டாம் என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பரிந்துரைத்தது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் சொல்லால் கூறுவதாயின், பூட்டிக்கொண்ட இளைஞரின் காலுக்கு அறுவை, உறுதியை ஒட்டிய மள்னூன்; நைந்துபோன நம் காலுக்கோ அது மவ்ஹூமை நெருங்கிவிட்டது.

இவ்வளவும் அறிந்த பின்னரும் நம் மனம் அறுவையையே நாடிற்று என்பதை வாசகர்களிடம் மறைப்பதற்கில்லை. ஏனென்று நம்மை நாமே வினவினோம். கிடைத்த விடை நமக்கே நாணம் தந்தது. பள்ளிவாசலில் நாற்காலியிட்டுத் தொழ நாம் வெட்கப்பட்டோம்! முப்பதாண்டுகளாக முதல் ஸஃப்பில் நின்றவர், பிள்ளைகள் பார்க்க, ஸஃப்பின் ஓரத்தில் நாற்காலியில் அமர்வதா? மருந்தைத் தேடியது முழங்கால் அன்று, நம் நஃப்ஸு.

நின்று தொழ இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் சாய்ந்தும் தொழுமாறு, நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் சலுகை வழங்கினார்கள். சிரமம் நேருமிடத்தில் சட்டம் இலேசாகும் என்று ஃபிக்ஹுப் பாடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நாம் விளக்கியிருக்கிறோம். பிறருக்கு ‘ருக்ஸத்’ எனக் கற்பித்ததை, நமக்கு வந்தபோது இழிவாக எண்ணினோமே! இறைவன் வழங்கிய சலுகையை ஏற்க மறுப்பது பேணுதல் போலத் தோன்றலாம். அதனுள் பெருமை ஒளிந்திருக்கவும் கூடும்.

இதனை உணர்ந்த பின் முடிவு எளிதாயிற்று. பன்னிரண்டு வாரம் பயிற்சி செய்வதென்றும், கால் பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் மடங்கி விழச் செய்தாலோ காத்திராமல் மருத்துவரிடம் செல்வதென்றும் உறுதி கொண்டோம். காலை நீட்டி உயர்த்தித் தொடைத் தசையை வலுவாக்குதல், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்தமர்தல் ஆகியவற்றை நாள்தோறும் செய்தோம். உடல் எடையையும் சற்றுக் குறைத்தோம். முதல் மாதம் பயனேதும் தெரியவில்லை. விட்டுவிடலாமா என்றுகூட எண்ணினோம். இரண்டாம் மாதத்தில் மாடிப்படி ஏற முடிந்தது. நான்காம் மாதத்தில், கையை ஊன்றி மெல்ல இறங்கித் தரையில் ஸுஜூது செய்தோம். அன்று நெற்றி தரையில் பட்டபோது நாம் அழுததை நம் பக்கத்தில் நின்றவர் கவனித்திருக்கக் கூடும். வலி முற்றிலும் நீங்கிவிட்டதென்று கூற மாட்டோம். மழைநாளில் வந்து நலம் விசாரித்துச் செல்கிறது. பாடம் நடத்துவது இப்போதும் நாற்காலியில்தான். பிள்ளைகள் எவரும் அதைக் கண்டு நகைக்கவில்லை.

நம் அனுபவம் எல்லோருக்கும் சட்டமன்று. உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்நோய் வந்தால், மருத்துவரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: இது அடிபட்டுக் கிழிந்ததா, நாட்பட நைந்ததா? இப்போது செய்யாமல் மூன்று மாதம் பொறுத்தால் இழப்பது என்ன? செய்தால் பெறுவது எத்தனை உறுதியானது? கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. நல்ல மருத்துவர் மகிழ்ந்தே விடையளிப்பார். பின்னர், அதே மூன்றையும் உங்கள் நெஞ்சிடமும் கேளுங்கள். அவசரப்படுவது காலா, மனமா? பொறுத்திருப்பது சபுரா, சோம்பலா? விடை தெரிந்த பின் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, முடிவை இறைவனிடம் ஒப்படையுங்கள். ஒட்டகத்தைக் கட்டிய பின்னர்தான் தவக்குலுக்கு வேளை வருகிறது.

நம்முள் இருக்கும் அச்சிறு பிறைகள் தேயாதிருக்கவும், தேய்ந்தவர்களுக்குத் தெளிவும் பொறுமையும் வாய்க்கவும் அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.