கை தூக்கியவர் காரணம் கூறட்டும்!

"கட்சி கட்டளையிட்டது, கை தூக்கினேன்!" மாநில வரவு செலவுத் திட்டத்திற்கு வாக்களித்த சட்டமன்ற உறுப்பினரொருவர், விருதுநகரை அடுத்த சூலக்கரையிலே நின்று இவ்வாறு கூறுவதாக வைத்துக்கொள்வோம். அது விளக்கமாகுமா, தோழர்களே?

கொறடாவின் ஆணை வெறும் சாக்கல்ல. 1985இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தபின், அதை மீறுபவர் பதவியையே இழக்க நேரிடும். மானியக் கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். உயர்த்துவதற்கு அரசியலமைப்பின் 203ஆம் பிரிவு சட்டமன்றத்துக்கு உரிமை தரவில்லை. கை கட்டுண்டது, மெய்தான். வாயுமா கட்டுண்டது?

பணம் யாருடையது? பகலெல்லாம் தீப்பெட்டி ஆலையிலே குச்சியடுக்கும் தாய், அந்தியிலே அடுப்பெரிக்க வாங்கும் தீப்பெட்டிக்கும் வரி உண்டு. அதில் மாநிலத்துக்கும் பங்குண்டு. கொடுத்தவள் கணக்குக் கேட்கிறாள். அது பிச்சையல்ல, உரிமை!

கேள்வி கேட்கத் தெரிந்த மண் இது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவளித்த காமராசரையே, அவர் பிறந்த விருதுநகரிலே, 1967இல் 1,285 வாக்குகளில் தோற்கடித்தது. நன்றி கொன்ற செயலென்பர் சிலர். அல்ல! நன்றி வேறு, வாக்கு வேறு.

ஆகவே உறுப்பினர் உரைக்கட்டும்: எதை மனமார ஏற்றார்? எதை மனமின்றி ஏற்றார்? அதனை மாற்றிடக் கட்சிக்குள்ளே என்ன வாதாடினார்? "வேதம் சொன்னது" என்பாரிடம் காரணம் கேட்கும் நாம், "கட்சி சொன்னது" என்பாரிடம் மட்டும் கேளாதிருப்பது பகுத்தறிவாகுமோ? அந்தக் கட்சி நம்முடையதாகவே இருப்பினும், கேட்போம்!